கடலில் ஒரு மின்சாரம், கணையத்தில் ஒரு மின்சாரம்

இராமநாதபுரக் கடற்கரையில் வலையிழுத்து வாழ்வோர் அறிந்த மீன் ஒன்று உண்டு. திருக்கை இனத்தது அது. தட்டையான உடல்; மணலோடு மணலாகப் பதுங்கிக் கிடக்கும் பழக்கம். சந்தையிலே அதற்கு மதிப்புக் குறைவு. சீலாவும் பாறையும் கூடையேறும்போது அது ஒதுக்கித் தள்ளப்படும். ஆயினும், வலையை உதறுகையில் அதன்மீது கை பட்டுவிட்டால் போதும். விரல் நுனியிலிருந்து மேலேறும் ஓர் அதிர்ச்சி. கை மரத்துப்போகும். சிறிது நேரம் சென்ற பின்னரே பழைய நிலை திரும்பும்.

இந்த மீனுக்குத் தமிழகக் கடற்கரையில் வழங்கிய பெயர்களுள் ஒன்று திமிலைத் திருக்கை. திமிர்த்தல் என்றால் மரத்துப்போதல் என்பது நாம் அறிந்ததே. இரண்டு சொற்களுக்கும் உறவு உண்டெனக் கருத இடமிருக்கிறது. கிரேக்கர் இவ்வகை மீனை 'நார்க்கே' என்றனர். மரமரப்பு என்பதே அதன் பொருள். இலத்தீன் மொழியினர் 'டார்ப்பிடோ' என்றனர். அதற்கும் பொருள் அதுவே. கடல்கள் வேறு, மொழிகள் வேறு. தொட்டவர் கண்டதோ ஒன்றே. ஆகவே வைத்த பெயரின் பொருளும் ஒன்றாயிற்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், டென்மார்க் நாட்டவர் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியிலிருந்து மீன்கள் பல பெர்லின் நகருக்கு அனுப்பப்பட்டன. அனுப்பியவர்களுள் ஒருவர் ஜான் என்னும் பாதிரியார். பெற்றவர் பிளோக் என்னும் மருத்துவர், மீன்களைப் பற்றி அந்நாளில் மிகுதியாக எழுதியவர். பிளோக் 1799இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பணியை முடித்து ஷ்னைடர் என்பவர் 1801இல் வெளியிட்ட நூலிலே நமது திமிலையும் இடம் பெற்றது. 'நார்சினி டிம்லி' என்பது இன்று உலகம் முழுவதும் வழங்கும் அதன் அறிவியற் பெயர். முன்பாதி கிரேக்கம், பின்பாதி நம் கடற்கரைத் தமிழ். அனுப்பிய பாதிரியார் பெயர் தெரிகிறது, அச்சிட்ட அறிஞர் பெயர் தெரிகிறது. அந்த மீனைப் பிடித்து, பெயரையும் சொல்லிக் கொடுத்த மீனவனின் பெயர் மட்டும் ஏட்டில் இல்லை. அவன் பெயரை எழுதி வைக்கவேண்டும் என்று எவருக்குத் தோன்றியிருக்கும்?

அதிர்ச்சி உண்மை. அது எதனால் வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முனைகிறோம். விடை தேடிப் புறப்பட்ட பாதை, எங்கோ கடலடியில் தொடங்கி, நம் வயிற்றுக்குள்ளே கணையத்தில் வந்து நிற்கிறது. நீரிழிவு நோய்க்கும் இந்தத் திருக்கைக்கும் என்ன தொடர்பு என்று வியப்போர் சற்றே பொறுத்திருக்க வேண்டுகிறோம்.

முதலில் ஒரு மனிதர். ஜான் வால்ஷ் என்பது பெயர். பிறந்த ஊர் எது தெரியுமா? சென்னை! 1726இல் ஜார்ஜ் கோட்டையில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகிச் சென்னைப் படைகளுக்குச் சம்பளம் வழங்கும் பொறுப்பில் இருந்தார். இராபர்ட் கிளைவின் மனைவிக்கு உறவினர்; 1757இல் கிளைவ் வங்கத்துக்குப் படையெடுத்துச் சென்றபோது அவருடைய அந்தரங்கச் செயலாளர். பிளாசிக்குப் பின் வங்கத்தின் கருவூலம் கொள்ளை போன கதையை நாம் விரிக்கத் தேவையில்லை. வால்ஷ் தாயகம் திரும்பியபோது அவரிடம் சேர்ந்திருந்த செல்வம் 1,47,000 பவுன் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். வங்கத்தின் ஆட்சியை இங்கிலாந்து அரசே ஏற்கலாம் என்று கிளைவ் 1759இல் அமைச்சர் பிட்டுக்கு எழுதிய கடிதத்தைக் கையில் கொண்டு சென்றவரும் இவரே. பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு ராயல் சொசைட்டியின் உறுப்பினர்.

வங்கத்து உழவனின் வியர்வை, இலண்டன் கனவானின் ஓய்வாக மாறியது. அந்த ஓய்விலேதான் ஆராய்ச்சி பிறந்தது. இதைச் சொல்வதால் ஆராய்ச்சியின் உண்மைக்குக் குறைவில்லை. ஆனால் எந்த மடியில் அது வளர்ந்தது என்பதையும் வரலாறு சொல்லத்தான் வேண்டும்.

1772இல் வால்ஷ் பிரான்சு நாட்டின் ரோஷேல் துறைமுகத்துக்குச் சென்றார். அங்கே கிடைக்கும் டார்ப்பிடோ திருக்கையை ஆராய்வதே நோக்கம். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டிய பெஞ்சமின் பிராங்க்ளின் அவருக்கு ஆலோசகர். வால்ஷ் செய்த சோதனை எளியது. எளியதாக இருந்ததாலேயே வலியது. மீனை ஈரத்துணியின்மேல் கிடத்தினார். மனிதர் பலரை வரிசையாக நிறுத்தினார். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொருவரும் இருபுறத் தொட்டிகளிலும் விரல் நனைத்து நின்றனர். வரிசையின் ஒரு முனையிலிருந்து கம்பி மீனின் முதுகுக்கு. மறுமுனையிலிருந்து கம்பி வயிற்றுக்கு. மீன் அதிர்ந்தபோது வரிசையில் நின்றோர் அனைவரும் ஒரே நொடியில் துடித்தனர்! உலோகத்தின் வழியும் நீரின் வழியும் அதிர்ச்சி சென்றது. கண்ணாடியை இடையே வைத்தால் நின்றது. அரக்கை வைத்தால் நின்றது. மின்சாரம் எவற்றின் வழி செல்லுமோ அவற்றின் வழி மீனின் அதிர்ச்சியும் சென்றது. எவற்றின் வழி செல்லாதோ அவற்றின் வழி அதுவும் செல்லவில்லை. எனில் அதுவும் மின்சாரமே அன்றோ? 1773இல் பிராங்க்ளினுக்கு எழுதிய கடிதமாக இம்முடிவு வெளிவந்தது. ராயல் சொசைட்டி தன் காப்ளி பதக்கத்தை வால்ஷுக்கு வழங்கியது.

ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. அவர் பிறந்த சென்னைக் கரையிலிருந்து தெற்கே மன்னார் வளைகுடா வரை இதே இயல்புடைய திருக்கை வலையில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவர் இங்கே வாழ்ந்த ஆண்டுகளில் பணம் எண்ண நேரம் இருந்தது. மீனைக் கேட்க நேரம் இல்லை. நம்மவர்க்கோ மீனைத் தெரியும். ஆனால் எழுத்தறிவும் ஏடும் ஓய்வும் மீனவன் குடிசையை எட்டாதபடி நம் சமுதாயம் பார்த்துக்கொண்டது. கேள்வி கேட்கும் உரிமை ஒரு சிலர்க்கே என்று வகுத்த நாட்டிலே, கையில் மின்சாரம் பாய்ந்தவனும் வாயடைத்து நின்றதில் வியப்பென்ன?

வால்ஷ் தந்த மீனை ஜான் ஹன்டர் என்னும் அறுவை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். தலைக்கு இருபுறமும் இரண்டு பெரிய உறுப்புகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 470 தூண்கள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொரு தூணும் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது போன்ற அமைப்பு. அவ்வுறுப்புகளுக்கு வந்த நரம்புகளோ மிகப் பருத்தவை. 1776இல் ஹென்றி கேவன்டிஷ், மரத்தாலும் தோலாலும் ஒரு பொய்த் திருக்கையைச் செய்து, உப்புநீரில் ஆழ்த்தி, மின்சாரம் சேமிக்கும் சாடிகளோடு இணைத்து, வந்தவர்களைத் தொடச் சொன்னார். தொட்டவர்கள் உணர்ந்தது மீனின் அதே அதிர்ச்சி. மீனிலே தெய்வமும் இல்லை, பேயும் இல்லை என்பதை ஒரு தோல் துண்டு மெய்ப்பித்தது.

அதன்பின் நடந்தது பள்ளிப் பாடத்தில் உள்ளது. இத்தாலியிலே கால்வானி, தவளைக் கால் துடிப்பதைக் கண்டு, உயிருக்குள்ளேயே மின்சாரம் உண்டென்று 1791இல் எழுதினார். வோல்ட்டா அதை மறுத்தார். மறுப்பதற்காகவே உலோகத் தகடுகளை அடுக்கி 1800இல் மின்கலத்தைச் செய்தார். அந்த அடுக்கை அவர் எதனோடு ஒப்பிட்டார்? திருக்கையின் உறுப்போடு! 'செயற்கை மின்னுறுப்பு' என்றே அதை அழைத்தார். இன்று நம் கைவிளக்கில் இருக்கும் மின்கலம் வரை அந்த மரபு வருகிறது. கால்வானியும் வோல்ட்டாவும் மோதினர்; இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. அறிவுலகச் சண்டை அப்படித்தான், இருவரும் சோதனையைக் கைவிடாதவரை.

சோதனையைக் கைவிட்டவர்களும் இருந்தனர். உரோமாபுரியின் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் மருத்துவர், தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் உயிருள்ள டார்ப்பிடோவை உடலில் வைக்கச் சொன்னது முதல் நூற்றாண்டிலே. அவர் காலத்து அறிவு அவ்வளவு என்று விட்டுவிடலாம். 1803இல் கால்வானியின் மருமகன் ஆல்டினி, தூக்கிலிடப்பட்ட ஒருவனின் பிணத்துக்கு இலண்டனில் மின்சாரம் செலுத்தி, முகம் சுளிப்பதையும் கை எழுவதையும் கூட்டத்துக்குக் காட்டினார். அங்கிருந்து அங்காடிக்கு எத்தனை தொலைவு? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'மின்சார இடைவார்' விற்பனை ஆயிற்று. இடுப்பில் கட்டினால் எல்லா நோயும் தீருமாம்! தாயத்துக்குக் கயிறு, இதற்குக் கம்பி. நம்புகிறவனின் மனநிலை இரண்டிலும் ஒன்றே. இன்றும் காந்தப் பட்டையென்றும், அதிர்வுக் கருவியென்றும், சர்க்கரையை ஓட்டும் என்று சொல்லி விற்போர் ஓய்ந்தபாடில்லை. ஆகையால்தான் கணையத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உண்மையான உறவு என்ன என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்கிறோம்.

கணையத்துக்கு வருவோம். இரைப்பையின் பின்புறம் கிடக்கும் அவ்வுறுப்பிலே, செரிமான நீரைச் சுரக்கும் அணுக்களுக்கு நடுவே, வேறு நிறத்தில் சிறு சிறு திட்டுக்கள் இருப்பதை 1869இல் பெர்லினில் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்னும் மருத்துவ மாணவர் கண்டார். எதற்காக என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதினார். பின்னர் அவற்றுக்கு அவர் பெயரையே இட்டு 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்றனர். கடலில் குருசடையும் முயல்தீவும் சிதறிக் கிடப்பது போல, மனிதக் கணையத்தில் ஏறத்தாழ 10 லட்சம் தீவுகள். எல்லாம் சேர்ந்தும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இல்லை. 1889இல் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட, அதற்கு நீரிழிவு வந்தது. 1921இல் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றைப் பிரித்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் அந்த ஊசியால் பிழைத்தான். அதுவரை அந்த நோய் கண்ட குழந்தைக்கு மருத்துவம் வைத்திருந்த பெயர் சாவு ஒன்றே. பான்டிங்கின் குழுவினர் அந்தக் கண்டுபிடிப்பின் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கொடுத்தனர். 1,47,000 பவுன் சேர்த்த பின் ஆராய்ச்சிக்கு வந்தவரையும் பார்த்தோம். ஒரு டாலருக்குக் கண்டுபிடிப்பைக் கொடுத்தவர்களையும் பார்க்கிறோம்.

இந்த இடத்தில் மீண்டும் மீன் வருகிறது. இன்சுலின் தீவுகளிலிருந்துதான் வருகிறதா, செரிமான நீர் சுரக்கும் மற்றப் பகுதியிலிருந்தும் வருகிறதா என்ற ஐயம் இருந்தது. மாட்டுக் கணையத்தில் இரண்டும் கலந்து கிடப்பதால் பிரித்தறிய வழியில்லை. சில எலும்பு மீன்களிலோ தீவுத் திசு தனியே ஒரு மணி போல ஒதுங்கி நிற்கும். டொரான்டோவின் பேராசிரியர் மக்லவுட் 1922இல் கடற்கரைக்குச் சென்று, மீன்களின் அந்த மணியைத் தனியே எடுத்துச் சாறு இறக்கினார். அதிலே இன்சுலின் இருந்தது. மற்றப் பகுதியில் இல்லை. ஐயம் தீர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, மாட்டுக் கணையம் கிடைக்காது தவித்த ஜப்பான், மீன்களிலிருந்தே இன்சுலின் செய்து நோயாளிகளுக்கு வழங்கிற்று. பாம்பன் சந்தையில் மீனை அறுத்துக் குடலை எறிகிறோமே, அந்தக் குடலோடு ஒட்டியே இந்த உயிர்காக்கும் பொருளும் போகிறது.

மண்டபம் முகாம் என்ற பெயரைக் கேட்டவுடன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் உழைப்பாளிகள் நினைவுக்கு வருவர். கடல் கடக்குமுன் நோய்த் தடுப்புக் காவலில் அவர்களை வைத்திருந்த இடம் அது. அதே மண்டபத்தில்தான் 1947இல் நிறுவப்பட்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், 1971இல் கொச்சிக்குத் தலைமையிடம் மாறும்வரை இயங்கியது. இன்றும் அதன் கிளை அங்கே உண்டு. மனிதரைக் கூலிகளாக எண்ணி அடைத்த மண்ணிலே, மீன்களை உயிர்களாக எண்ணி ஆராய்ந்தனர். காலம் செய்த மாற்றம் என்பதா? கண்டியிலும் அட்டனிலும் தலைமுறை தலைமுறையாய்ப் பட்டவர்களைக் கேட்டால் வேறு விடை சொல்வர்.

இன்சுலின் இருக்கிறது, சரி. அதைச் சுரக்கும் அணு, 'இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, இனிச் சுரக்கவேண்டும்' என்பதை எவ்வாறு அறிகிறது? அதற்குக் கண்ணில்லை, நாவில்லை. அரை நூற்றாண்டு இந்தக் கேள்வி நின்றது. விடை வந்ததும் மின்சாரத்தின் வழியாகவே!

அதற்கு முன் ஊசிக்கணவாய் ஒரு பாடம் நடத்தியது. இராமேசுவரத்தில் ஐஸ் பெட்டியில் அடுக்கி ஏற்றுமதி செய்கிறோமே, அந்த இனமேதான். அதன் உடலில் ஒரு நரம்பிழை, ஒரு மில்லிமீட்டர் வரை பருமன் உடையது. மின்முனையை உள்ளே நுழைக்கும் அளவுக்குப் பருத்தது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதைக் கொண்டே 1952இல் நரம்பின் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினர். 1963இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் கண்டதன் சாரம் இது: உயிரணு ஒவ்வொன்றும் உப்புக் கடலில் மிதக்கும் ஒரு சிறு படகு. வெளியே சோடியம் மிகுதி; உள்ளே பொட்டாசியம் மிகுதி. அணுவின் தோலில் இவற்றுக்கெனத் தனித்தனி வாயில்கள். பொட்டாசியம் கசிந்து வெளியேறுவதால் உட்புறம் சற்றே எதிர்மின் நிலையில் நிற்கும். ஏறத்தாழ 70 மில்லிவோல்ட். வாயில்கள் திறந்து மூடும்போது இந்த அளவு மாறும். அந்த மாற்றமே உயிரின் மின்சாரம்.

திருக்கை செய்வது என்ன? தசையணுக்களையே தட்டையாக்கி, நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் தருவது ஒரு வோல்ட்டில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. எல்லாம் ஒரே கணத்தில் கூடும்போது மீனவன் கை மரத்துப்போகிறது. ஹன்டர் எண்ணிய தூண்களும் வோல்ட்டா அடுக்கிய தகடுகளும் இதுவே. கணையத்தின் பீட்டா அணுவுக்கும் அதே சிறு மின்சாரம்தான். அது அடுக்கி அதிர்ச்சி தருவதில்லை. தனக்குள்ளேயே செய்தி சொல்லிக்கொள்கிறது.

1968இல் டீன், மாத்யூஸ் என்னும் இருவர், எலியின் கணையத் தீவுக்குள் கண்ணாடி ஊசியைச் செலுத்தி அணுவின் மின்னழுத்தத்தை அளந்தனர். சர்க்கரை குறைவாய் இருக்கும்வரை அணு அமைதியாய் இருந்தது. சர்க்கரையைக் கூட்டினர், அணு மின்துடிப்புகளை எழுப்பத் தொடங்கிற்று! நரம்பு துடிப்பது போலவே, சுரப்பணுவும் துடித்தது. நாக்கில்லாத அணு இனிப்பை மின்சாரமாக மொழிபெயர்த்தது.

எந்த வாயில் இதைச் செய்கிறது? 1984இல் ஆக்ஸ்போர்டில் பிரான்சிஸ் ஆஷ்கிராப்ட் என்னும் பெண் விஞ்ஞானியும் அவர் துணைவர்களும் அந்த வாயிலைக் கண்டனர். பழைய பாம்பன் பாலத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். 1914 முதல் 2022 வரை இரயில் ஓடிய அந்தப் பாலத்தின் நடுவிலே தூக்கு வாயில் இருந்தது. அது படிந்து கிடந்தால் இரயில் போகும், கப்பல் நிற்கும். அது எழுந்தால் இரயில் நிற்கும், கப்பல் போகும். பீட்டா அணுவிலும் ஒரு வழி அடைபட்டால்தான் மறுவழி திறக்கும். சர்க்கரை குறைவாக இருக்கையில் பொட்டாசிய வாயில் திறந்து கிடக்கிறது. பொட்டாசியம் வெளியேற, அணு அமைதியாய் இருக்கிறது. உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறுகிறது. அணுவுக்குள் புகுந்த சர்க்கரை எரிந்து ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயமாகிறது. அந்த நாணயம் கூடியதும் பொட்டாசிய வாயில் சாத்திக்கொள்கிறது. வெளியேற வழியின்றி உள்ளே மின்னழுத்தம் மாற, கால்சிய வாயில் திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. பாய்ந்ததும், சிறு பைகளில் கட்டி வைக்கப்பட்டிருந்த இன்சுலின் இரத்தத்தில் கொட்டுகிறது. பக்கத்து அணுக்களோடு நுண்ணிய இணைப்புகள் உண்டாகையால், ஒரு தீவின் அணுக்கள் ஒன்றாகவே துடிக்கின்றன. ஒவ்வொரு வேளை உணவுக்கும் இந்த வேலை நம் வயிற்றுக்குள் நடக்கிறது.

அறிவியல் சில வேளைகளில் பின்கதவு வழியாகவும் வரும். 1942இல், நாடு பகைவன் பிடியில் இருந்த காலத்தில், பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டு நோய்க்கு ஒரு சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். நோயாளிகள் சிலர் வியர்த்து, வலிப்புற்று வீழ்ந்தனர். ஜான்போன் என்னும் மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. லூபாத்தியேர் என்பவர் நாய்களில் ஆராய்ந்து, கணையம் உள்ள விலங்கில்தான் இம்மருந்து வேலை செய்யும், கணையம் எடுத்துவிட்டால் செய்யாது என்று காட்டினார். அதன் வழிவந்த மாத்திரைகளை 1950களிலிருந்து கோடிக்கணக்கானோர் விழுங்கினர். ஏன் வேலை செய்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது: மாத்திரை அந்தப் பொட்டாசிய வாயிலைப் பிடித்துச் சாத்துகிறது. அதாவது, இராமநாதபுரத்து மருந்துக் கடையில் முதியவர் வாங்கிச் செல்லும் கிளிபென்கிளமைடு மாத்திரை, கணைய அணுவின் மின்சாரத்தைத் தூண்டிவிடும் ஒரு விரல். வயிற்றின்மேல் பட்டை கட்டி எவரும் செய்ய முடியாததை அது உள்ளே சென்று செய்கிறது.

அப்படியானால் மின்சாரத்தை நேராகவே செலுத்தினால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். 1849இலேயே குளோத் பெர்னார், மூளையின் அடிப்பகுதியில் ஊசியால் குத்திய விலங்குக்குச் சர்க்கரை ஏறுவதைக் காட்டி, நரம்புக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டென நிறுவினார். 1967இல், நாயின் வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பில் மின்சாரம் பாய்ச்சியபோது இன்சுலின் கூடுவது வெளியிடப்பட்டது. அந்த நரம்பின் நுனி கணையத்தில் வெளிவிடும் பொருள் அசிட்டைல்கோலின். நமது திமிலையின் மின்னுறுப்பிலே, நரம்பு நுனி வெளிவிட்டு அதிர்ச்சியை எழுப்பும் பொருள் எது? அதுவும் அசிட்டைல்கோலினே! அதை ஏற்கும் புரதத்தை அறிஞர்கள் முதன்முதலில் பிரித்தெடுத்ததும் மின்மீன்களின் உறுப்பிலிருந்துதான். தசையிலே அரிதாய் இருப்பது அங்கே குவிந்து கிடந்தது.

2020இல் சுவிட்சர்லாந்தில் புசெனெகரும் அவர் குழுவினரும், மின்தூண்டலுக்கு இன்சுலின் சுரக்கும்படி மாற்றியமைத்த அணுக்களை ஒரு சிறு கருவியில் அடைத்து, நீரிழிவு கண்ட எலிகளின் தோலுக்கடியில் வைத்தனர். வெளியிலிருந்து கம்பியின்றி மின்தூண்டல் கொடுக்க, சில நிமிடங்களில் இன்சுலின் வந்தது, சர்க்கரை இறங்கிற்று. எலிகளில் கண்ட வெற்றி அது. மனிதர்க்கு மருந்தாக அது வரவில்லை. இதைக் காட்டி நாளையே ஒருவன் 'சுவிஸ் மின்சாரப் பட்டை' விற்க வருவான் என்பதால் அழுத்திச் சொல்கிறோம்: அங்கே மின்சாரம் தூண்டியது, ஆய்வகத்தில் அதற்கெனவே ஆக்கிய அணுக்களை, நோயாளியின் இடுப்பை அன்று.

நீரிழிவு என்ற ஒரே பெயருக்குள் வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டென மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலோர்க்கு அணுக்கள் உள்ளன, ஆனால் சோர்ந்துள்ளன, அல்லது சுரந்தது போதவில்லை. சிலர்க்கோ, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, உடலின் காவற்படையே பீட்டா அணுக்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. அழிந்த தீவில் எந்த மாத்திரை எந்த வாயிலைச் சாத்தும்? எந்த மின்சாரம் எதைத் தூண்டும்? அந்தக் குழந்தைக்கு இன்சுலின் ஊசி ஒன்றே உயிர். 'ஊசியை நிறுத்து, மண்டலம் ஒன்று இதைக் குடி' என்று சொல்கிறவன், சாமியாராயினும், பட்டை விற்பவனாயினும், செய்வது கொலை. இதில் நயமான சொல் தேட நாம் விரும்பவில்லை.

இன்னொரு வகைக் குழந்தைகளும் உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள்ளேயே நீரிழிவு காண்பவர்கள். நெடுங்காலம் இவர்களையும் முன்சொன்ன கூட்டத்தோடு சேர்த்து, வாழ்நாள் முழுவதும் ஊசி என்று விதித்தனர். 2004இல் உண்மை வெளிப்பட்டது: இவர்களுள் பலர்க்கு அணுக்கள் அழியவில்லை, பொட்டாசிய வாயிலைக் கட்டும் மரபணுவில் ஒரு பிழை, ஆகவே வாயில் சாத்திக்கொள்ள மறுக்கிறது. சர்க்கரை ஏறினாலும் மின்சாரம் எழுவதில்லை. கையருகே இருக்கும் மாத்திரையோ அந்த வாயிலைச் சாத்துவதற்கென்றே இருப்பது! 2006இல் வெளியான ஆய்விலே, இத்தகைய நோயாளிகள் 49 பேருக்கு அம்மாத்திரையைக் கொடுத்ததில் 44 பேர் இன்சுலின் ஊசியை அறவே விட்டனர். முதல் மாத்திரையோடு அல்ல. மருத்துவர் கண்காணிப்பில், அளவை மெல்ல ஏற்றி.

சென்னையிலே, 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கி, 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் கண்டவர் மருத்துவர் எம். விசுவநாதன். அன்று சிறுநீரைக் கொதிக்க வைத்து நிறம் பார்த்ததே சோதனை. இன்று அதே சென்னையில் குழந்தையின் சில துளி இரத்தத்தைக் கொண்டு மரபணுவைப் படித்து, இது ஊசிக்குரிய நோயா, மாத்திரைக்குரிய நோயா என்று சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் நீரிழிவு கண்ட குழந்தை உங்கள் ஊரில், தொண்டியிலோ தங்கச்சிமடத்திலோ, இருக்குமாயின், ஊசியை நிறுத்தாமல் அந்தச் சோதனையைக் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். குழந்தை வளர்ந்து ஊசியோடு பல ஆண்டு கழிந்திருப்பினும், கேட்கக் காலம் கடந்துவிடவில்லை.